ஜாவாவில் மூர்த்தி, பாலியில் பூஜை

இந்தோனேசியத் தீவுகளுக்கு யாத்திரை செல்ல விரும்பும் மூத்த அன்பர்களுக்கு

காசி, ராமேசுவரம், பத்ரிநாதம் என யாத்திரைகளை நிறைவு செய்துவிட்ட பெரியோர் பலருக்கு, இந்நாளில் பிள்ளைகளின் வழியாக மேலும் ஒரு வாய்ப்பு வந்து சேர்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பாலித் தீவுக்குப் போய் வரலாம் என்று மகனோ மகளோ ஏற்பாடு செய்கிறார்கள். இளையவர்களுக்குக் கடற்கரை இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது. பெரியவர்கள் நாடுவது கோயிலை. இந்தோனேசியாவில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் போய் வந்தோருள் சிலர் ஒரு மனக்குறையோடு திரும்புகிறார்கள். ஜாவாவில் விண்ணை முட்டும் சிவாலயம் நிற்கிறது, உள்ளே விளக்கேற்ற ஒருவரில்லை. பாலியில் தெருவுக்குத் தெரு கோயில், உள்ளே எட்டிப் பார்த்தால் சுவாமியைக் காணவில்லை.

இரண்டும் மெய்யே. ஜாவாவில் மூர்த்தி உண்டு, நித்திய பூஜை இல்லை. பாலியில் பூஜை உண்டு, மூர்த்தி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதை முன்பே அறிந்து, அதற்கேற்ப நாள்களை வகுத்துக்கொண்டால் இரு தீவுகளும் சேர்ந்து ஒரே யாத்திரையாக அமையும்.

ஆகையால் முதலில் முடிவு செய்ய வேண்டியது வரிசையை. பயண நிறுவனங்கள் பெரும்பாலும் பாலியை மட்டுமே காட்டுகின்றன. கேட்டால், நடுவில் ஒரு நாள் விமானத்தில் ஜாவாவுக்கு அழைத்துச் சென்று மாலையே திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாட்டைச் சொல்வார்கள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு அது தண்டனை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக முதலில் ஜாவாவின் யோக்யகர்த்தா நகருக்குச் சென்றுவிடுவதே நல்லது. அந்நகரின் பெயரிலேயே அயோத்தி ஒளிந்திருக்கிறது என்பர். அங்கு நான்கு இரவுகள் தங்க வேண்டும். பிறகு ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் பாலி, அங்கே ஐந்து அல்லது ஆறு இரவுகள். முழங்காலில் வலு இருக்கும் முதல் நாள்களில் ஜாவாவின் படிகளை ஏறிவிடலாம் என்பது ஒரு காரணம். பூஜை நின்றுபோன ஆலயத்தைக் கண்ட பிறகு பாலியில் ஒரு மணியோசை கேட்டால் அதன் அருமை வேறாக இருக்கும் என்பது மற்றொன்று.

பிரம்பானான் சிவாலயம்

யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பிரம்பானான். நடுவில் 47 மீட்டர் உயரத்தில் சிவபெருமான் ஆலயம். அதன் தெற்கே பிரம்மாவுக்கும் வடக்கே திருமாலுக்கும் 33 மீட்டர் உயர ஆலயங்கள். இம்மூன்றுக்கும் எதிரே வாகனங்களுக்குரிய மூன்று சிறு கோயில்கள். சிவனுக்கு எதிரேயுள்ள கோயிலில் நந்தியெம்பெருமான் படுத்திருக்கிறார். அவருக்குத் துணையாக ஏழு குதிரைத் தேரில் சூரியனும் பத்துக் குதிரைத் தேரில் சந்திரனும் உள்ளனர். இவற்றைச் சூழ்ந்து ஒரு காலத்தில் மொத்தம் 240 கோயில்கள் இருந்தன. இன்று அவற்றில் பெரும்பாலானவை கற்குவியல்களாகவே கிடக்கின்றன.

சக ஆண்டு 778, அதாவது கி.பி. 856-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இவ்வாலயத்தைச் சிவக்கிருகம் என்று குறிக்கிறது. அடுத்த நூற்றாண்டில் அரசவை கிழக்கு ஜாவாவுக்கு இடம்பெயர்ந்தது. ஊர் காலியானது. அருகே மெராப்பி எரிமலை. நிலநடுக்கங்கள் வேறு. கோபுரங்கள் சரிந்தன, கற்களை மக்கள் எடுத்துச் சென்றனர். டச்சுக்காரர் ஆட்சியில் 1918-ஆம் ஆண்டு திருப்பணி தொடங்கி, சிவன் கோயில் மட்டும் நிறைவுற்றது 1953-இல். பிரம்மா கோயிலுக்கு 1987 வரையிலும், விஷ்ணு கோயிலுக்கு 1991 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் ஆலயத்தின் பழைய கற்களில் முக்கால் பங்கேனும் கிடைத்தால்தான் அதை எழுப்புவது என்பது அங்குள்ள தொல்லியலார் வகுத்துக்கொண்ட நெறி. சுற்றிலும் கிடக்கும் குவியல்கள் இன்னும் குவியல்களாகவே இருப்பதன் காரணம் இதுவே. கவனக்குறைவு என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை.

சிவன் கோயிலுக்கு நான்கு திசைகளிலும் படிகள், நான்கு அறைகள். கிழக்கு நோக்கிய நடு அறையில் சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் பெருமான் நின்ற கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். தெற்கு அறையில் தாடியும் பருத்த வயிறுமாக ஒரு முனிவர். மேற்கு அறையில் விநாயகர். வடக்கு அறையில் எட்டுக் கரங்களுடன் மகிஷனை அடக்கி நிற்கும் துர்க்கை.

இவ்வமைப்பை வாசகர் ஒரு கணம் மனத்தில் கொண்டு, தமக்குப் பழக்கமான சிவாலயம் ஒன்றை வலம் வருவதாக நினைத்துப் பார்க்கலாம். தெற்குக் கோஷ்டத்தில் குருவாகிய தட்சிணாமூர்த்தி. சுற்றி வந்து வடக்கே திரும்பினால் துர்க்கை. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஜாவாவிலும் தெற்கு குருவுக்கு, வடக்கு துர்க்கைக்கு. அந்தத் தெற்கு அறையில் குருவாக நிற்கும் முனிவர் வேறு யாருமல்லர், அகத்தியர்தாம்! பொதிகைமலைக்கு உரியவர் என்று நாம் கொண்டாடும் அதே குறுமுனியை, ஜாவா மக்கள் சிவனின் குரு வடிவமாகவே வணங்கினர். கிழக்கு ஜாவாவில் மலாங் அருகே கிடைத்த தினோயோ கல்வெட்டு கி.பி. 760-ஆம் ஆண்டினது. முன்னோர் செய்துவைத்த மரத்தாலான அகத்தியர் திருவுருவம் பழுதுற்றதால், கஜயானன் என்னும் மன்னன் கல்லில் புதிய திருவுருவம் செய்து பிரதிஷ்டை செய்ததை அது தெரிவிக்கிறது. அப்படியானால் மரத்தால் ஆன அந்த முதல் அகத்தியர் அங்கே எக்காலத்தில் எழுந்தருளினாரோ! தமிழ்நாட்டிலிருந்து செல்லும் அன்பர் பிரம்பானானில் ஓர் அறையில் மட்டுமே நின்று வழிபட இயலும் என்ற நிலை வந்தால், அது இந்தத் தெற்கு அறையாக இருக்கட்டும்.

வடக்கு அறைத் துர்க்கையை ஊரார் ரோரோ ஜொங்ராங் என்று அழைக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதை வேறு. தன்னை மணக்க விரும்பியவனிடம் ஓர் இரவுக்குள் ஆயிரம் கோயில்கள் கட்டச் சொன்னாளாம் ஓர் இளவரசி. பூதங்களைக் கொண்டு அவன் 999 கட்டி முடித்த வேளையில், கிழக்கே தீ மூட்டியும் ஊர்ப் பெண்களை நெல் குத்தச் செய்தும் விடிந்துவிட்டதாகச் சேவல்களைக் கூவவைத்தாள். வஞ்சனையை உணர்ந்தவன் சபித்தான், அவளே ஆயிரமாவது சிலையானாள். வழிகாட்டி இக்கதையைச் சொல்லும்போது, ‘இது துர்க்கையம்மன்’ என்று வாதிட வேண்டாம். துர்க்கையை மறந்த பின்னரும் அந்தச் சிலையின் முன் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி அவ்வூரார் நினைவில் வைத்திருந்தார்கள் அல்லவா!

சிவன் கோயிலின் மேல் பிராகாரத்தில் ராமகாதை முழுவதும் புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. கிழக்கு வாயிலில் ஏறி இடப்புறம் திரும்ப வேண்டும். அதாவது பிரதட்சிணமாக. வலப்பக்கம் ஆலயச் சுவரும் இடப்பக்கம் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் சிற்பங்களுமாக அமைந்திருக்கும். பாற்கடலில் அரவணைமேல் திருமால் பள்ளிகொள்ள, கருடன் அருகிருக்கும் காட்சியில் கதை தொடங்குகிறது. வானரங்கள் கடலில் கற்களை எறிந்து அணை கட்டி இலங்கை சேரும் இடத்தில் இக்கோயிலின் பகுதி முடிந்து, மீதிக் கதை பக்கத்துப் பிரம்மா கோயிலில் தொடர்கிறது. அப்பிரதட்சிணமாகச் சுற்றுபவருக்குக் கதை தலைகீழாகத்தான் தெரியும். வலம் வரும் வழக்கமுள்ள நம் பாட்டிமார்களுக்கு வழிகாட்டியே தேவைப்படாது. திருமால் கோயிலில் இருப்பது கண்ணன் கதை.

அங்கே அர்ச்சனை இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் ஆதலால் கற்பூரம் ஏற்றுவதோ, பால் அபிஷேகம் செய்வதோ, திருவுருவத்தைத் தொட்டுக் குங்குமம் இடுவதோ கூடாது. கற்பூரத்தைப் பையில் எடுத்துச் சென்று காவலரிடம் சங்கடப்படவும் வேண்டாம். மனத்தால் பூஜிப்பதற்கும் ஐந்தெழுத்தை ஓதுவதற்கும் தடையில்லை. நடு அறையில் நின்று மெதுவாக ஒரு பதிகம் பாடினால் கல் அதை வாங்கித் திருப்பித் தரும்.

வழிபாடு அங்கே முற்றும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் இந்தோனேசிய இந்துக்கள் ஒன்றுகூடி இவ்வாலயத்துக்கு அபிஷேக விழா எடுத்தனர். கல்வெட்டின் ஆண்டான 856-லிருந்து எண்ணினால் அது 1,163 ஆண்டுகள் கழிந்த பின். பிரம்பானானையும் போரோபுதூரையும் இந்து, பௌத்த வழிபாட்டுக்குரிய இடங்களாக ஏற்கும் உடன்படிக்கை 2022 பிப்ரவரியில் கையெழுத்தாயிற்று. பாலியர்களின் சக வருடப் பிறப்புக்கு முந்தைய நாளில் ஆண்டுதோறும் இங்கு பெரிய வழிபாடு நடைபெறுகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் தீவு இது. இக்கோயிலின் அருகே திறந்தவெளி அரங்கில் 1961 முதல் நடந்துவரும் ராமாயண நாட்டிய நாடகத்தில் ஆடுவோரும் பெரும்பாலும் முஸ்லிம்களே. மே முதல் அக்டோபர் வரை, நிலவொளியில், பின்னணியில் ஆலயம் தெரிய அந்நாட்டியம் நிகழும். மற்ற மாதங்களில் மழைக்கு அஞ்சி உள்ளரங்கில்.

படிகளைப் பற்றி ஒரு சொல். அவை செங்குத்தானவை. 2006 மே 27 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஆலயம் சேதமுற்றது. அதன் பின் சிவன் கோயில் அறைகளுக்குள் செல்வதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆகையால் உள்ளே விடுவார்களா, எத்தனை பேரை விடுவார்கள் என்பதை முதல் நாளே தங்குமிடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் திறந்தவுடன் சென்றால் வெயிலும் இராது, கிழக்கு வாயில் வழியே சூரிய ஒளியும் கிட்டும். பக்தியால் செருப்பைக் கழற்றுபவர்கள் தடித்த காலுறை அணிவது அவசியம். பத்து மணிக்குமேல் அக்கரிய எரிமலைக்கல் கொதிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கால் கொப்புளம் சிறிய தொல்லையன்று.

மண்ணுக்கடியில் இருந்த லிங்கம்

மறுநாள் ஓய்வாகச் சென்றுவரத் தக்கது சம்பிசாரி. 1966-இல் ஓர் உழவர் நிலத்தைக் கொத்தும்போது மண்வெட்டியில் செதுக்கிய கல் தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட, ஆறரை மீட்டர் ஆழத்தில் முழுச் சிவாலயம் ஒன்று வெளிப்பட்டது. மெராப்பி கக்கிய சாம்பல் அதை மூடியிருந்தது. 1987-இல் திருப்பணி முடிந்தது. இன்றும் அது வயல்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே, ஒரு தெப்பக்குளத்தின் அடியில் இருப்பதுபோல் தாழ்ந்து நிற்கிறது.

சிறிய கோயில். கருவறையில் ஆவுடையாரும் லிங்கமும். ஆவுடையாரின் நீர் விழும் முகத்தை ஒரு நாகம் தாங்குகிறது. வெளிச்சுவர் மாடங்களில் தெற்கே அகத்தியர், கிழக்கே விநாயகர், வடக்கே துர்க்கை. கோயில் மேற்கு நோக்கியது. ஆதலால் பிரம்பானானில் மேற்கே இருந்த பிள்ளையார் இங்கே பின்புறமாகிய கிழக்குக்கு மாறிவிட்டார். அகத்தியரும் துர்க்கையும் தம் திசையை விட்டு அசையவில்லை. கூட்டம் மிகக் குறைவு. கீழே இறங்கவும் ஏறவும் படிகள் உண்டு, ஆனால் பிரம்பானான்போல் மிரட்டுவதில்லை. நாள் ஒன்றுதான் இருக்கிறது, போரோபுதூரா சம்பிசாரியா என்ற கேள்வி எழுந்தால், புத்தர் பெருமானின் அம்மாபெரும் நினைவுச்சின்னத்தை இளையவர்கள் கண்டு வரட்டும். அதன் மேல் தளங்களுக்கு ஏற நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் தனிச்சீட்டும் உண்டு. ஏற்றமும் அதிகம். பெரியவர்கள் சம்பிசாரியின் புல்தரையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருக்கலாம்.

காலியான ஆசனம்

பாலியில் இறங்கியதும் காட்சி மாறிவிடும். வீட்டு வாசலில், கடைத் திண்ணையில், வண்டியின் முகப்பில், தென்னங்குருத்தில் முடைந்த சிறு தட்டில் மலரும் வெற்றிலையும் வைத்து ஊதுவத்தி ஏற்றியிருப்பார்கள். சானாங் சாரி என்பது அதன் பெயர். தினமும் புதிதாகச் செய்வது. நடக்கும்போது அதை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ஓம் சுவஸ்தியஸ்து’ என்று கைகூப்பி முகமன் கூறுவார்கள். நாமும் அதையே சொல்லலாம். காலை, நண்பகல், மாலை என மூன்று சந்தியிலும் ஓதும் திரிசந்தியா மந்திரம் காயத்ரியில் தொடங்குகிறது.

ஆனால் கோயிலினுள் மூலவர் இல்லை. திறந்த முற்றங்கள், பனைநார் வேய்ந்த அடுக்குக் கூரைகள் கொண்ட மேரு கோபுரங்கள், ஆமையும் நாகங்களும் அடியில் தாங்க உயர்ந்து நிற்கும் பத்மாசனம் என்னும் கல் இருக்கை. அந்த இருக்கை காலியாக இருக்கும். இறைவன் அங்கே எப்போதும் உறைவதாக அவர்கள் கொள்வதில்லை. கோயிலின் திருநாளில் அவரை அழைக்கிறார்கள், அவர் இறங்கி வந்து அமர்கிறார், விழா முடிந்ததும் விடை கொடுக்கிறார்கள். சிறு திருவுருவங்கள் சில உண்டு. அவை மறைவாக வைக்கப்பட்டு விழா நாளில் மட்டும் பவனி வரும். சிதம்பரத்தில் திரை விலகும்போது வெட்டவெளியைக் கண்டு கைகூப்பிய அன்பருக்கு இந்தக் காலி ஆசனம் அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே பாலியில் எந்தக் கோயிலுக்குச் செல்வது என்பதைவிட, எந்த நாளில் செல்வது என்பதே முக்கியம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒடாலான் என்ற திருநாள் உண்டு. பல கோயில்களுக்கு அது 210 நாள்களுக்கு ஒருமுறை வரும். ஆயிரக்கணக்கான கோயில்கள் உள்ள தீவில் ஏதேனும் ஓர் ஊரில் ஒடாலான் இல்லாத வாரம் அரிது. தங்கும் விடுதியிலும் வண்டியோட்டியிடமும் ‘இந்த வாரம் அருகில் எங்கே ஒடாலான்?’ என்று வந்திறங்கிய அன்றே கேட்டுவிட வேண்டும். பெயர்பெற்ற பெரிய கோயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு வெளிமுற்றத்தில் நிற்பதைவிட, ஒரு சிற்றூர்க் கோயிலின் ஒடாலானில் ஓரமாக அமர்வது மேல். முறையாக உடுத்தி, அனுமதி கேட்டு, இந்து என்று சொன்னால், அவர்களோடு அமர்ந்து வழிபட இடம் தருவது வழக்கம்.

வழிபடும் முறை எளியது. தரையில் அமர்ந்து, முதலில் வெறுங்கையாலும் பின்னர் விரல் நுனியில் மலரேந்தியும் கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி ஐந்து முறை அஞ்சலி செய்வார்கள். பிறகு பெமாங்கு என்னும் கோயில் பூசகர் தீர்த்தம் தெளிப்பார், உள்ளங்கையில் மும்முறை ஊற்றுவார். பருகி, முகத்தில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இறுதியில் நனைந்த அரிசியை நெற்றியில் பதித்துக்கொள்வார்கள். நம் அட்சதைதான். தீர்த்தத்தை அவர்களும் தீர்த்த என்றே சொல்கிறார்கள். தங்கள் சமயத்தையே தீர்த்த சமயம் என்று அழைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆண்களுக்கு வேட்டியும் பெண்களுக்குப் புடவையும் போதுமானவை. ஆனால் இடையில் துணிக்கச்சை ஒன்று கட்டாயம். அதைக் கோயில் வாசலிலேயே தருவார்கள். மாதவிலக்கு நாள்களிலும், உறவில் சாவு நேர்ந்த தீட்டிலும் கோயிலுக்குள் வரக் கூடாது என்ற விதி வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும். நம் பெரியோருக்கு இதில் புதுமை ஏதுமில்லை.

சைவ உணவுக்காரர் முன்கூட்டி அறிய வேண்டியது ஒன்று. பாலி இந்துக்கள் புலால் உண்பவர்கள். படையலில் கோழியும் வாத்தும் பன்றியும் இடம்பெறும். சில சடங்குகளில் சேவற்குருதி நிலத்தில் சிந்துவதும் உண்டு. கண்டு முகம் சுளிப்பது விருந்தினருக்கு அழகல்ல. தீர்த்தமும் மலரும் அரிசியும் ஏற்றுக்கொண்டு, படையல் உணவைக் கைகூப்பி மறுத்துவிடலாம். எவரும் வருந்தார்.

எவ்விடங்களுக்குச் செல்வது? ஆகுங் மலைச் சரிவில் உள்ள பெசாகி தீவின் தாய்க் கோயில். 1963-இல் நூறாண்டுக்கு ஒருமுறை நிகழும் ஏகாதச ருத்ர வேள்வி அங்கே நடந்துகொண்டிருந்தபோது அம்மலை வெடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நெருப்புக் குழம்பு கோயிலை மயிரிழையில் தவிர்த்து ஓடிற்று. நிறைவுறாத அந்த வேள்வியை 1979-இல் மீண்டும் செய்து முடித்தனர். இன்று வாகன நிறுத்தத்திலிருந்து மேலே செல்லப் பேட்டரி வண்டி உண்டு. அடுத்தது தம்பாக்சிரிங்கிலுள்ள தீர்த்த எம்புல். மாயாதேனவன் என்ற அசுரன் நீரை நஞ்சாக்க, இந்திரன் நிலத்தைப் பிளந்து எழுப்பிய புனித ஊற்று என்பது தல வரலாறு. பத்தாம் நூற்றாண்டு முதல் போற்றப்படுவது. குளத்தில் வரிசையாகப் பல தாரைகள். அவற்றுள் இரண்டு இறந்தோர் சடங்குக்குரியவை. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் தலை நனைக்க வேண்டும். தண்ணீர் குளிர்ச்சியானது, தரை வழுக்கும். இதய நோய் உள்ளவர்கள் கரையில் நின்று கையால் அள்ளிப் புரோட்சித்துக்கொள்வதே போதும்.

அதன் அருகிலுள்ள குனுங் காவி, பதினோராம் நூற்றாண்டில் மலையைக் குடைந்து செய்த அற்புதம். ஆயினும் 250-க்கு மேற்பட்ட படிகள் இறங்கி, அதே படிகளை வெயிலில் ஏறி வர வேண்டும். பெரியவர்கள் மேலே இளநீர் அருந்திக் காத்திருக்கலாம். பதிலாக யானைக் குகை என்னும் கோவா காஜாவில் படிகள் குறைவு. குகையினுள் ஒருபுறம் விநாயகர், மறுபுறம் மூன்று லிங்கங்கள்.

நாள் பார்த்தல்

மழையற்ற மாதங்கள் மே முதல் அக்டோபர் வரை. கோடை விடுமுறையில் செல்வதாயின் மே மாதப் பிற்பகுதி ஏற்றது. இரு பண்டிகைகளை நாள்காட்டியில் பார்த்துவிட்டே பயணச்சீட்டு வாங்க வேண்டும். ஒன்று நியெப்பி, அதாவது சக வருடப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச் மாதத்தில், நம் யுகாதியை ஒட்டி வரும். அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவு முழுவதும் மௌனம். நெருப்பில்லை, வேலையில்லை, பயணமில்லை, கேளிக்கையில்லை. விமான நிலையமும் மூடப்படும். வெளிநாட்டவரும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. தெரியாமல் சிக்கிக்கொண்டால் தவிப்பு. தெரிந்து சென்றால் அதைப் போன்ற உபவாச நாள் வேறெங்கும் வாய்க்காது.

மற்றொன்று காலுங்கான். 210 நாள்களுக்கு ஒருமுறை, புதன்கிழமையில் வரும். நம் மகாளயபட்சம்போல் முன்னோர் இல்லம் தேடி வரும் காலம். பத்தாம் நாள் குனிங்கான் அன்று அவர்கள் விடைபெறுவர். வீடுதோறும் வளைந்த மூங்கிலில் நெற்கதிரும் குருத்தோலையும் தொங்கும். இந்நாள்களில் வண்டிகள் கிடைப்பது கடினம், கடைகள் மூடியிருக்கும். ஆயினும் ஊரே கோயிலில் இருக்கும்.

சிவராத்திரி அங்கும் உண்டு, ஆனால் நம் மாசியில் அன்று. பெரும்பாலும் ஜனவரியில், அமாவாசைக்கு முந்தைய இரவில். வில்வ மரத்தில் ஏறி விழித்திருந்த வேடன் கதையையே அவர்களும் சொல்கிறார்கள். அவன் பெயர் லுப்தகன். எம்பு தனாகுங் என்னும் கவிஞர் பழைய ஜாவா மொழியில் அதைக் காவியமாகவே பாடியிருக்கிறார்.

உடலும் உணவும்

இந்தியருக்கு அங்கே இறங்கியவுடன் விசா தருகிறார்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமேனும் செல்லுபடியாக இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் பாலிக்கு வரும் வெளிநாட்டவர் 1,50,000 ரூபியா தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். சுழியங்களைக் கண்டு மலைக்க வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் தொகை அது. ஜாவா நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன்னது, பாலி நேரம் இரண்டரை மணி. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வேளை மாற்றத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்துகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும்.

உணவில் மறைந்திருக்கும் இடர் தெராசி. உலர்ந்த இறால் கூழ் அது. காய்கறி உணவு என்று தருவதிலும், தொட்டுக்கொள்ளும் மிளகாய்ச் சம்பாலிலும் கலந்திருக்கும். ‘தன்பா டாகிங், தன்பா இக்கான், தன்பா தெலூர், தன்பா தெராசி’ என்று ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டலாம். இறைச்சி, மீன், முட்டை, இறால் கூழ் இல்லாமல் என்பது அதன் பொருள். தெம்பே என்னும் சோயா அடை சைவம், சத்துள்ளது. பாலியில் இந்திய உணவகங்கள் பல உண்டு. ஜாவாவுக்குப் புளிக்காய்ச்சலும் சத்துமாவும் கொண்டுசெல்வது நலம். மொழி முற்றும் அந்நியமென அஞ்ச வேண்டியதில்லை. கடையைக் கெடாய் என்பார்கள், கப்பலைக் காப்பல் என்பார்கள். இரண்டும் தமிழிலிருந்து சென்றவை. குரு, மனுசியா, சுர்கா, பூவாசா என்னும் உபவாசம் எல்லாம் செவிக்குப் பழகியவையே.

திரும்பும்போது பிரம்பானானிலிருந்து ஒரு சிறு கல்லைக்கூட நினைவாக எடுத்து வரலாகாது. எழும்பக் காத்திருக்கும் கோயிலின் கல் அது. தீர்த்த எம்புல் நீரைப் புட்டியில் கொண்டுவர விரும்புவோர் இறுக மூடி, பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைக்கட்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் வாங்கிக் கொட்டிவிடுவார்கள்.